சீதன வீட்டுக்கு ஒரு கையெழுத்து

2009 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. தூறல், குடை விரித்தாலும் தொல்லை, விரிக்காவிட்டாலும் தொல்லை. நாங்கள் குடியேறிய வெள்ளைக்கார நகரத்தின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், பழைய சாமான் கடை வாசலில், நூலகம் கழித்துவிட்ட புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய. எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்றை முகர்ந்தேன். ஈரக் காகித மணம் என்னை ஆறு வருடம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது நூலகத்தில் புதன்கிழமைகளில் வாசிப்பு வட்டம் நடக்கும். ஓய்வுபெற்றவர்கள் பதினொரு பேர். தமிழர் நானும் மனைவி பூமணியும்தான். நான் ஹீட்டருக்காகவே போனேன் என்பாள், பாதி உண்மை. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழைய அமெரிக்க நாவல்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். அரசர் இல்லாத நாடு, ஆனால் பெண் யாரைக் கட்டலாம் என்பதில் எங்கள் யாழ்ப்பாணத்தைவிட நுணுக்கமான விசாரணை: எந்தத் தெருவில் வீடு, பாட்டன் என்ன விற்றான், யார் வீட்டு விருந்துக்கு அழைப்பு.

ஒரு நாவலில் நல்ல குடும்பத்துப் பெண், கணவனோடு வாழ முடியாமல் தவிக்கிறாள். "தகப்பன் கொடுத்த வீட்டுக்குப் போகலாமே, அது அவளுடையதுதானே" என்றேன். வட்டத்தை நடத்திய பெண்மணி, அந்தக் காலச் சட்டப்படி அது கணவன் கைக்குப் போய்விடும் என்றார். எங்கள் ஊரில் சீதன வீடு பெண் பேரில்தான் என்று ஐந்து நிமிடம் பெருமையாக விளக்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பூமணி கேட்டாள்.

"என்ர சீதன வீடு என்ர பேரிலதானே?"

"ஓம்."

"அப்ப செல்விக்கு எழுதிக் குடுக்க ஏன் உங்கட கையெழுத்து?"

"அது எங்கட தேசவழமைச் சட்டமப்பா. புருசன் சம்மதிக்காமல் பெண்சாதி வீடு, காணி எழுதிக் குடுக்கேலாது."

"வெள்ளைக்காரருக்கு அதைச் சொல்லேல்லையே! நல்லா வகுப்பெடுத்தியள்."

செல்வி அவளுடைய தங்கை. கணவனை இழந்து, ஊரில் அந்த வீட்டிலேயே இருந்தாள். கூரை திருத்த வங்கிக் கடனுக்கு வீட்டு உறுதிப் பத்திரம் தன் பேரில் வேண்டும் என்று நான்கு கடிதம் போட்டிருந்தாள். "யோசிப்பம்" என்று நான் இரண்டு வருடம் ஏழு மாதம் கடத்தியிருந்தேன். என்ன யோசித்தேனோ, இன்றும் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

"கூரை அவளின்ர தலையில விழுந்தாப் பிறகு யோசியுங்கோ" என்றாள் பூமணி. ஒன்பது நிறுத்தம் தாண்டி, வீட்டுக்குப் பிளேஸ்டோவில் இறங்கினோம்.

மறுநாள் நோட்டரியிடம் போய்க் கையெழுத்திட்டேன்.

அடுத்த வருடமே வட்டம் நின்றது. நாங்கள் இருந்த மூலையில் இப்போது கணினிகள். செல்வி கூரையைத் திருத்தி, சில காலம் இருந்து, வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தைக்குப் போய்விட்டாள். என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. அந்த வீட்டுக்காக என் கையிலிருந்து போனது, நோட்டரிக்கு எழுபத்தைந்து பவுண், பதிவுத் தபாலுக்கு மூன்று எண்பத்தைந்து. மொத்தம் எழுபத்தெட்டுப் பவுண் எண்பத்தைந்து பென்ஸ்.