எண்ணிட்டு எந்திரிங்க

"எண்ணிட்டு எந்திரிங்க" என்று சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையில் நோட்டுகளை வைக்கிறார் நாகலிங்கம். மனதுக்குள் எண்ணினால் செல்லாது. வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை அவளுக்கு அரிசி நிறுக்க மாட்டார்.

தலவாக்கலை பஜாரில் அவருடைய பலசரக்குக் கடை ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வங்கி. கொழும்பில் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுக்கான பணத்தை அவர் கணக்குக்கு அனுப்புகிறார்கள். வங்கி திறந்திருக்கும் நாட்களில் அம்மாமார் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்கள் டவுனுக்கு இறங்கும் ஞாயிறன்று வங்கிக்குப் பூட்டு. அதனால்தான் இந்த பெஞ்சு. கமிஷன் கிடையாது. பணம் வாங்க வருகிறவர்கள் சீனியும் மாவும் இங்கேயே வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. அதை அவர் மறைப்பதுமில்லை.

போன வருடம் வரி அலுவலகம் அந்தக் கணக்கைப் பார்த்தது. உள்ளே வந்ததெல்லாம் அவருடைய வருமானம் என்று முடிவு செய்து வரி கேட்டது. கடை லாபத்துக்கு ஒழுங்காக வரி கட்டுகிறவர், இதைக் கட்ட முடியாது என்றார். பாதியைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று கணக்காளர் கஜேந்திரன் கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரு ரூபா கட்டினாலும் அது என் காசுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி தம்பி. அப்புறம் அந்தப் பொம்பளைங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. தாய்மாரின் பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. நாகலிங்கம் வேனை விற்று அவரவர் பங்கைக் கொடுத்தார். அப்போதும் எண்ணச் சொன்னார். மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்கு தர மறுத்ததால் கடைத் தட்டுகள் காலியாகின. "உங்க பிடிவாதத்துல ஒரு கிலோ நிறுத்துக் குடுங்க, ஒலை வைக்கிறேன்" என்றார் மனைவி அன்னம்மா.

நாகலிங்கம் போட்டிருந்த மேன்முறையீட்டின் விசாரணை ஒரு புதன்கிழமை வந்தது. அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அலுவலக வாசலில் தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வேலையைக் கெடுத்துக்கொண்டு யார் வரச் சொன்னது என்று திட்டினார்.

"சும்மா இருங்க மொதலாளி. எங்க காசுக்கு நாங்க வந்திருக்கோம்" என்றார் முன்னால் நின்ற ராக்காயி.

எந்த மாதம் பிள்ளை எவ்வளவு அனுப்பியது என்று அதிகாரி ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்டார். பிறகு கொழும்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஃபோன் போட்டார். இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று. எப்படி இவ்வளவு ஞாபகம் என்று ராக்காயியைக் கேட்டார்.

"இந்த மனுசன் சத்தமா எண்ணாம விட்டாத்தானே சார்? பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிறவ மகன் அனுப்புறதும் எனக்கு மனப்பாடம்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்துவிட்டார் அதிகாரி. கேட்ட வரி ரத்தானது, கணக்கு திறந்தது. வேன்தான் போனது போனதுதான்.

அடுத்த ஞாயிறு கடை வாசலில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். பெஞ்சில் முதல் ஆளாக ராக்காயி. அவருடைய மகன் திலக்ஷன் அனுப்பிய நோட்டுகளை நாகலிங்கம் நீட்டினார். ராக்காயி வாங்கி, எண்ணாமல், சுருக்குப்பையில் திணித்து இழுத்துக் கட்டினார். பிறகு நாகலிங்கத்தை நேராகப் பார்த்தார்.

நாகலிங்கம் தராசை இழுத்துவைத்து, ராக்காயிக்கு அரிசி நிறுக்கத் தொடங்கினார்.