ஆறுமுகநேரியில் ஒரு சப்பரம்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் எங்கள் பஸ், ஆறுமுகநேரியில் நின்றுவிடுகிறது. வீரபாண்டியன்பட்டணத்தில் ஞாயிறு பூசை கண்டு நற்கருணை நன்மை வாங்க வேண்டுமென்று, நள்ளிரவிலிருந்து நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைக்கார அண்ணாச்சி கருப்பட்டிக் காப்பியை நீட்டுகிறார். தலையை மட்டும் ஆட்டி மறுக்கிறேன்.

"நம்ம கடையில குடிக்க மாட்டீகளோ?"

அவர் முகம் வாடவும், கூச்சத்தை விட்டுக் காரணத்தைச் சொல்கிறேன்.

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா? ஏலே, எல்லாரும் வந்து தள்ளுங்கலே! இவுக பூசைக்குப் போகணும்!"

நானும் தள்ளப் போகிறேன்.

"பட்டினி கெடக்குறவுக தள்ளலாமா? ஏறி உக்காருங்க!"

கடைத்தெருவே தள்ளுகிறது. டிரைவருக்குப் பின்னால் நான் மட்டும், சப்பரத்தில் வைத்த அந்தோணியார் சுரூபம்போல் அசையாமல் இருக்கிறேன். எதிரே உப்பு சுமந்து வரும் பெண், சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

அந்த நேரம் பார்த்து இன்ஜின் உறுமுகிறது.