நெஞ்சில் ஒன்றுமில்லை

முதல் தடவை அது வந்தது வகுப்பறையில். எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் நடத்திக்கொண்டிருந்தேன். 'பதற்றம்' என்ற சொல்லுக்கு நான் வரையறை சொல்லச் சொல்ல, நாற்பது பெண்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதி வாக்கியத்தில் நெஞ்சு இறுகியது. விரல்கள் மரத்துப்போயின. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். சொல்லிக்கொண்டிருந்ததுதான் எனக்கு வந்திருக்கிறது என்று தோன்றவே இல்லை.

என் கணவர் அடி அண்ணாமலையில் பயிர் வைப்பவர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். மறுநாளே என்னை வேலூருக்கு பஸ்ஸில் அழைத்துப்போனார். இ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். டாக்டர் தாளை விரித்துப் பார்த்துவிட்டு, "நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

நமக்கு மார்பும் நெஞ்சுதான், மனசும் நெஞ்சுதான். அவர் சொன்னது மார்பை. மனசிலும் ஒன்றுமில்லை, நான் நடிக்கிறேன் என்று சொல்வதாக எனக்குப் பட்டது. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டை பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். உளவியல் டீச்சர் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் போவதா என்ற வீம்பு. அந்த வீம்பில் ஐந்து மாதம் போயிற்று.

மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வகுப்புக்குப் போவதை விட்டேன். பிறகு கடைத்தெருவை விட்டேன். கடைசியில் வாசற்படி தாண்டுவதே பெரும்பாடு. பொங்கல் கழிந்து வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வீட்டோடு சண்டை போட்டுப் படித்து வாங்கிய வேலை அது. அதை இழந்தால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு காலையில் கத்தரிக்காய் நறுக்கும்போது வந்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், வகுப்பில் நான் பேசும் தமிழில் ஆரம்பித்தார்:

"பதற்றம் என்பது, கமா, எதிரில் ஆபத்து இல்லாதபோதும், கமா, ஆபத்தில் இருப்பதுபோல் உடல் நடந்துகொள்ளும் நிலை, முற்றுப்புள்ளி."

அடுப்படியில் நான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டு, கமாவோடு சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறார்.

"உனக்கு வந்துருக்கறது இதான்னு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியலயா?"

மூச்சுத் திணறலுக்கு நடுவே சிரித்தேன். பிறகு வெகுநேரம் அழுதேன். அந்த வாரமே இருவரும் வேலூர் போனோம்.

மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். நிதானமாக மூச்சு விடப் பழக்கினார். பிறகு, அது எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். மணிக்கணக்கில் என்றேன். கடிகாரம் பார்த்ததுண்டா என்றார். அடுத்த தடவை பார்த்தேன். ஒன்பது நிமிடம். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பொங்கல் முடிந்து பள்ளிக்குப் போனேன். நான்காம் நாள், அதே வரையறையின் நடுவில் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பெண்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள். நெஞ்சு தளர்ந்ததும் சொன்னேன்: "உடல் நடந்துகொள்ளும் நிலை, கமா, அது கொஞ்ச நேரத்தில் தணியும், முற்றுப்புள்ளி."

"புக்குல அப்படி இல்லீங்களே டீச்சர்" என்றாள் முன்வரிசைப் பெண்.

"இல்லம்மா. எழுதிக்கோ."

உங்களுக்கு இப்படி வந்தால் முதலில் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால், அடுத்த சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.

எனக்கு இப்போதும் எப்போதாவது வருகிறது. உடம்பு பொய் சொல்கிறது என்று அதன்மேல் எரிந்துவிழுவதில்லை. இல்லாத ஆபத்திலிருந்து என்னைக் காப்பாற்றத்தானே பாடுபடுகிறது. ஒன்பது நிமிடம் என்பது உலையில் போட்ட அரிசி வேகக்கூடப் போதாத நேரம். கமா என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.