பதினேழு சென்டிமீட்டர்

கவிழ்த்து வைத்த மண்சட்டியைக் குச்சியிலிருந்து கழற்றி, அதற்குள் அடைத்திருந்த வைக்கோலை வாளியில் உதறுகிறார் கிளெனிஸ் ஓல்ட்ராய்ட். இரவெல்லாம் டாலியா இதழ்களைக் கொறித்துவிட்டு, விடிந்ததும் இருட்டைத் தேடி வைக்கோலில் ஒளிந்த பூச்சிகள் பொலபொலவென்று விழுகின்றன. முப்பத்தொரு செடி, முப்பத்தொரு சட்டி. ஆகஸ்டில் பள்ளிக்கூடச் சமையலறைக்கு விடுமுறை. அங்கே சமைக்கும் கிளெனிஸுக்குத்தான் விடுமுறை கிடையாது.

வாளியோடு ரயில்பாதை ஓரப் புதருக்குப் போகும்போது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளைவ் ஆர்மிட்டேஜ் குரல் கொடுப்பார்.

"என்னம்மா, இன்னைக்கு என் பக்கம் கொட்டலையா?"

"உன் பூவைத் தின்னா அதுங்களுக்கு வயித்தைக் கலக்கும்யா. பாவம்னு விட்டுட்டேன்."

ஒரு தண்டுக்கு ஒரு மொட்டுதான் என்று கிளெனிஸ் பக்க மொட்டுகளை நகத்தால் கிள்ளிக்கொண்டே நடப்பார். மழை வந்தால் பூக்களுக்கெல்லாம் கறுப்புக்குடை கட்டிவிட்டுத் தான் நனைவார். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு பித்தளை வளையம் கிடக்கும், குறுக்களவு பதினேழு சென்டிமீட்டர். செப்டம்பரில் நடக்கும் மலர்க் கண்காட்சிப் போட்டியில் சிறிய ரகப் பூ அதற்குள் அடங்க வேண்டும். பேருந்துக்குக் காத்திருக்கும்போதுகூட அதை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார்.

இன்னொரு பையில் சிவப்புக் கம்பளி நூல் இருக்கும். அடுத்த வருஷத்துக்கு எது வேண்டும் என்பதைச் செடி பூத்து நிற்கும்போதே பார்த்து நூல் கட்டிவிட வேண்டும். முதல் உறைபனி விழுந்தால் எல்லாம் கருகி ஒன்றுபோல் ஆகிவிடும். அப்போது நூல் கட்டிய செடியின் கிழங்கு கொட்டகைக்குப் போகும், மற்றது உரக்குழிக்கு. விதை போட்டுத் தானே உண்டாக்கிய செடிகளுக்கு மூன்று வருஷம் கெடு. அதற்குள் ஒரு பரிசாவது வாங்காவிட்டால் நூல் கிடையாது. பெயரும் கிடையாது, வெறும் எண்தான்.

"இருக்கிறதே ஒரு முழம் இடம். பாவம் பார்த்து வெச்சா தோட்டம் சத்திரமாயிடும்" என்பார். இதுவரை அந்தக் கெடுவை அவர் ஒருமுறைகூட மீறியதில்லை.

இந்த வருஷம் ஏழாம் எண்ணுக்கு மூன்றாம் வருஷம். செம்பு நிறப் பூ. இதழ் நுனியில் மட்டும் வெண்ணெய் தொட்டது போல ஒரு வெளுப்பு. இப்படி ஒரு டாலியா பார்ன்ஸ்லி ஊரில் வேறு யாரிடமும் இல்லை, வேறு எங்குமே இல்லை. உரக்குழிக்குப் போனால் அதோடு முடிந்தது.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. சாப்பாட்டு வரிசையில் இரண்டாவது கரண்டி கேட்டு வரும் முகத்தைப் பார்த்தால் அவர் கை தானாகவே போய்விடும். கண்காட்சிக்கு முந்தைய திங்கட்கிழமை அந்தக் கை ஏழாம் எண்ணுக்கும் போனது. இலைகளை ஊறப்போட்டு அழுகவைத்த நாற்றத் தண்ணீரை உரமாக ஒரு குவளை ஊற்றியவர், செடியைப் பார்த்தபடி கொஞ்சம் நின்று இன்னொரு குவளையும் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை போட்டிக்காக வெட்டிய மூன்று பூவும் வளையத்துக்குள் நுழைந்தன. இரவு வாளித் தண்ணீரில் நின்ற நேரத்தில் நடுப்பூ இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. காலையில் கிளெனிஸ் அதை மறுபடி அளக்கவில்லை. கண்காட்சி மண்டபத்தில் நடுவரின் வளையம் இறங்கியபோது இதழ் நுனியில் தட்டி நின்றது. 'விதிக்குப் பொருந்தவில்லை' என்று எழுதிய அட்டையை ஜாடியில் சாய்த்துவிட்டு நடுவர் அடுத்த மேசைக்குப் போனார்.

முதல் பரிசு கிளைவுக்கு. அவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் பூன்னுல்ல நினைச்சேன். முட்டைக்கோசு மேசை அந்தப் பக்கம்மா."

"உனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் வந்துக்கிட்டிருந்தேன். இப்ப மனசு மாறிடுச்சு."

கிளைவ் சிரித்தார். கிளெனிஸ் அந்தப் பூவின் முதுகைக் கட்டைவிரலால் தடவினார்.

"செடி மேல தப்பில்லப்பா. அது கேக்கவே இல்ல. நானாத்தான் போட்டேன்."

"அப்ப அதை வெச்சுக்கயேன்."

"விதின்னா எல்லாத்துக்கும் விதிதான்."

அடுத்த நாள் நூலோடு தோட்டத்தைச் சுற்றி வந்தார். பதினெட்டுச் செடிகளுக்குக் கட்டினார். ஏழாம் எண்ணுக்குக் கட்டவில்லை.

அக்டோபர் கடைசியில் பனி விழுந்தது. ஒரே இரவில் முப்பத்தொரு செடியும் கறுத்துத் துவண்டன. கிளெனிஸ் தண்டுகளைச் சாணளவு விட்டு நறுக்கினார். முதுகு பிடித்துக்கொண்ட கிளெனிஸுக்காகக் கிளைவ் தன் முள்மண்வெட்டியோடு வந்து ஒவ்வொன்றாகக் கிளப்பினார். நூல் இருந்தால் கிழங்கைக் கூடையில் வைத்தார், இல்லாவிட்டால் உரக்குழியில் எறிந்தார். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இதுக்கு நூலைக் காணோமே. குழிக்கா?"

கிளெனிஸ் நூல் இருந்த பையைத் தொட்டார், விட்டுவிட்டார். மற்றப் பைக்குள் கைவிட்டு வளையத்தை எடுத்து, கருகிய தண்டின் மேல் மாட்டிவிட்டார். அது எங்கும் தட்டாமல் இறங்கி மண்ணில் படுத்தது. கிளைவ் கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.