ஒரு வீட்டுக்கு ஒரு கரண்ட்: சூசைப்பிள்ளை அண்ணன் நினைவாக

சூசைப்பிள்ளை அண்ணன் இறந்துவிட்டார் என்று கேட்டதும் என் வாயிலிருந்து வந்த சொல் ‘அல்ஹம்துலில்லாஹ்’. அவருடைய முப்பத்தோராம் நாள் மலரில், அவருடைய பிள்ளைகள் படிக்கும் இடத்தில், இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் எடுக்கும் காசிம் காக்கா இதைக் கல்முனையிலிருந்து சொறிக்கல்முனை வரை சொல்லி முடித்துவிட்டார். இனி மறைத்து ஆவதில்லை.

காலையில் அவர் சைக்கிளை நிறுத்தி, “புள்ள, லைன்மேன் சூசைப்பிள்ளை மவுத்தாகிட்டாராம்” என்றார்.

“கரண்ட் அடிச்சா காக்கா?”

“இல்லகா. சீனி வருத்தம். ஆசுபத்திரியில, நித்திரையிலயே போயிட்டாராம்.”

அப்போதுதான் அந்தச் சொல் வந்தது. காசிம் காக்கா என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். நான் அல்லாஹ்வைப் புகழ்ந்தது அந்த மரணத்துக்காக அல்ல, அது கரண்டால் வரவில்லை என்பதற்காக. பத்து வருடமாக எனக்கு அந்தப் பயம் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சூறாவளி எல்லாக் கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போன அடுத்த வருடம். புதுக் கம்பி இழுக்கும் வேலை ஓயவில்லை. ஒரு நாளில் கரண்ட் எத்தனை தரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு முன்பக்கத்தில் நான் ஐஸ்பழம் செய்து விற்றேன். கரண்ட் போனால் என் வியாபாரம் தண்ணீராக ஓடும். அதனால் என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெயில் ஓடிக் கரண்ட் தரும் ஒரு எஞ்சின் வாங்கிவந்தார். கூடவே ஒரு வயரும் கட்டினார். அதன் இரண்டு நுனியிலும் பிளக். ஒன்றை எஞ்சினில் குத்தி, மற்றதைக் குசினிச் சுவரில் குத்தினால் வீடு முழுக்க வெளிச்சம். குத்துவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதை அவர் செய்வார். எனக்குச் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். கரண்ட் போனது. ஐஸ்பழம் உருகத் தொடங்கியது. நானே எஞ்சினை இழுத்து இயக்கி, வயரைக் குத்தினேன். எஞ்சின் பிள்ளைப்பேறு நோவு வந்தது போல முனகியது. உடனே பக்கத்து வீட்டுச் சுபைதா ராத்தா வேலிக்கு மேலால் கத்தினார்.

“அடியேய், கரண்ட் வந்திட்டுடி! ரேடியோ பாடுது!”

“எனக்கும் எரியுது ராத்தா!” என்றேன் பெருமையாக. அவருக்குக் கரண்ட் கொடுப்பது நான்தான் என்று எனக்குத் தெரியாது. என் குசினியிலிருந்து புறப்பட்டது கம்பி வழியே ஏறி எங்கள் தெரு ஒழுங்கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஒழுங்கைக் கம்பத்தின் மேலே சூசைப்பிள்ளை அண்ணன் நின்றார். எங்கள் பக்கத்து நாலு வீட்டுக் கம்பியையும் பெரிய லைனிலிருந்து பிரித்துவிட்டுத்தான் ஏறியிருந்தார். செத்த கம்பி என்று நம்பிக் கையை நீட்டியவருக்கு, கீழே சுபைதா ராத்தாவின் வாசல் பல்ப் எரிவது தெரிந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கி, எஞ்சின் சத்தத்தைப் பிடித்து எங்கள் வாசல் கடப்பலடிக்கு வந்தார். ஆம்பிளை இல்லாத வீடு என்று உள்ளே வரவில்லை. வெளியில் நின்றே கூப்பிட்டார்.

“தங்கச்சி, அந்த எஞ்சின நிப்பாட்டு.”

“ஐஸ்பழம் உருகும் அண்ணன்.”

“நான் மேல உருகப் பாத்தன். முதல்ல நிப்பாட்டு.”

நிறுத்தினேன். வயரைக் கேட்டார். கொண்டுவந்து காட்டினேன். இரண்டு பிளக்கையும் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். “இது ரெண்டு தலைப் பாம்பு. இந்தத் தலை சுவருக்குள்ள, அந்தத் தலை எனக்கு.” நான் அழத் தொடங்கியதும், “அழாத. தண்ணி தா” என்றார். தண்ணீருக்குப் பதில் உருகின ஐஸ்பழத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “சீனி கூடிப்போச்சு” என்றார்.

அவர் மின்சாரக் கந்தோருக்கு எழுதியிருந்தால் எங்கள் கரண்டை வெட்டியிருப்பார்கள். எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு ஒரு இரும்புப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச். என் வீட்டுக்காரரை உதவிக்கு வைத்து மெயினுக்குப் பக்கத்தில் திருகிப் பூட்டினார். பிடி மேலே இருந்தால் கம்பத்துக் கரண்ட், கீழே இருந்தால் எஞ்சின், நடுவில் இருந்தால் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே சேராது.

“ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில ஒரு கரண்ட்தான்” என்றார்.

“எங்கட மார்க்கத்தில நாலு வரைக்கும் இடமிரிக்கே அண்ணன்?” என்றேன் நான்.

என் வீட்டுக்காரரின் கையிலிருந்து ஸ்குரூ டிரைவர் விழுந்தது. சூசைப்பிள்ளை அண்ணன் திரும்பியே பார்க்காமல், “அது அவருக்கு. சுவருக்கு ஒண்டுதான்” என்றார்.

பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பிடியை இழுக்க என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். “நீங்க தள்ளி நில்லுங்க தம்பி. உங்கட ஊரில வீடு பொம்பிளைட பேரில. நீங்க பள்ளிக்குப் போவீங்க, சந்தைக்குப் போவீங்க. எஞ்சினோட நிக்கிறது இவதான்” என்றார். மேலே, நடு, கீழே. கீழே, நடு, மேலே. என் தோள் வலிக்கும் வரை இழுக்க வைத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, அதற்குப் பிறகு ஒருவர் பொறுமையாக ஒன்றைச் சொல்லித்தந்தது அன்றுதான்.

அடுத்த வருடங்களில் எஞ்சின்கள் பெருகின. சவூதிப் பயணம் போனவர்கள் வந்தால் டேப் ரெக்கோடரோடு எஞ்சினும் வரும். அந்த இரண்டு தலை வயரைக் கட்டுவது உள்ளூர்க் கெட்டித்தனம். பகலில் வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள், அவரால் உள்ளே போக முடியாது. அதனால் என்னை அனுப்பினார். எந்த வீட்டில் சந்தேகம் என்று அவர் சொல்வார். நான் கொஞ்சம் ஐஸ்பழத்தோடு கதைக்கப் போவேன்.

“எங்கட வீட்டில அப்பிடி வயர் இல்லகா” என்றார் ஒரு ஹாஜியார் வீட்டுப் பெண்.

“அப்ப கரண்ட் இல்லாத நேரம் பக்கத்தில உங்கட மதினிட வீட்டு ஃபேன் ஏன் சுத்துது மாமி? காத்துக்கா?”

வயர் அலுமாரிக்குள், கலியாணச் சீலைக்கு அடியில் இருந்தது. அந்த வாரமே அங்கும் பெட்டி பூட்டியாயிற்று. அந்தப் பெண் என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. அதைச் சொன்னபோது அண்ணன், “உயிரோட இரிக்கிறவங்க கோவிக்கட்டும்” என்றார்.

தமிழர், முஸ்லிம் பிரச்சினை நாட்களில் அவருக்கு எங்கள் பக்கம் வரவும், எங்களுக்கு அவர் பக்கம் போகவும் வழியில்லாமல் போனது. அவர் ஊரைப் பற்றி எங்கள் ஊரிலும், எங்கள் ஊரைப் பற்றி அவர் ஊரிலும் நல்லதாக ஒன்றும் கதைக்காத மாதங்கள். அப்போதும் காசிம் காக்காவிடம் ஒரு சேதி அனுப்பினார்: “பெட்டிக்குள்ள எறும்பு கூடு கட்டும். மெயின நிப்பாட்டிப் போட்டு, திறந்து தட்டச் சொல்லு.” அவ்வளவுதான். தட்டினேன். எறும்பு இருந்தது.

செத்த வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். சவப்பெட்டிக்குள் அவருடைய கைகளைப் பார்த்தேன். செபமாலை சுற்றியிருந்தார்கள். விரல்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. எங்கும் கருகல் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். பெட்டி தவறாது, மனிதர் தவறுவோம் என்பதால், எஞ்சினை இயக்குமுன் ஒழுங்கைக்கு வந்து கம்பத்தைப் பார்த்துச் சத்தம் போடச் சொல்லியிருந்தார். இன்றுவரை விடவில்லை. போன செவ்வாய்க்கிழமையும் கரண்ட் போனது. நான் வெளியே வந்து, “மேல ஆரும் நிக்கிறீங்களா?” என்று என் முழுக் குரலில் கத்தினேன். மேலே புதிதாக வந்த லைன்மேன் நின்றார். அவர் திடுக்கிட்டதில் கையிலிருந்த குறடு நழுவி, சுபைதா ராத்தாவின் குசினி ஓட்டை உடைத்துக்கொண்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மீன் ஆணத்துக்குள் விழுந்தது. சட்டி உடையவில்லை. குறட்டைக் கழுவித் துடைத்து அவரிடம் கொடுத்தோம்.