இடது கண்ணில் விருந்தாளி

சோப்பு நுரை மூக்குவரை ஏறியிருக்கும். தாடைக்கடியில் கத்தி நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சலூன்காரர் கேட்பார்: "அண்ணே, மேல போன பிறகு உங்க கண்ணை என்ன பண்ணப்போறீங்க?" நாற்காலியில் இருப்பவர் வாயைத் திறக்க முடியாது. "தலையை ஆட்டாதீங்க, வெட்டிடும்" என்று வேறு சொல்வார்.

அவருடைய இடது கண் முழுக்க அவருடையது அல்ல. கிருமி தாக்கி விழி வெளுத்துப்போக, இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை, அவர் வீட்டார் கொடுக்க, வைத்துத் தைத்தார்கள். பெயர் சொல்லவில்லை. அதனால் 'விருந்தாளி' என்கிறார். "வலது கண்ணு நம்ம பய, என்ன வேணா சொல்லலாம். இவரு விருந்தாளி, மரியாதை குறையக்கூடாது." தூசி விழுந்தால் தேய்க்க மாட்டார், சுத்தமான துணியால் ஒற்றிக்கொண்டு, "ஐயா கொஞ்சம் கலங்கிட்டாரு" என்பார்.

"கண்ணில்லாம மேல போனா வழி எப்படித் தெரியும்?" என்று லாரி ஓட்டுநர் சீண்டுவார்.

"இருக்கும்போதே நீ வழி தப்பித்தானே வீட்டுக்குப் போற!"

கடையே சிரிக்கும். முகம் குழியாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களிடம் மட்டும் விளையாட மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவார். "இது மேல இருக்கிற கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒண்ணு. அதைத்தான் வாங்கிக்குவாங்க. இமையை மூடிட்டா முகம் முகமாத்தான் இருக்கும்."

ஊருக்கெல்லாம் பேசியவர் வீட்டில் வாய் திறந்ததில்லை. மனைவிக்கு அந்தப் பேச்சே ஆகாது. கூடவே இருந்த மாமனார் ஒரு மதியம் சாப்பிட்ட கையோடு சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. மருத்துவர் பார்த்து உறுதி செய்துவிட்டுப் போனார். கண்ணைக் கொடுப்பதென்றால் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். சம்மதம் சொல்ல வேண்டியவள் அவருடைய ஒரே மகளான இவர் மனைவி.

"மாமா கண்ணை... எடுக்க..." கடையில் ஒருநாளும் வராத சொல் வந்து விழுந்துவிட்டது.

"எடுக்கவா? எங்கப்பா என்ன, உங்க கடைக்கு முடிவெட்ட வந்தவரா? உங்க பிரசங்கத்தை அங்கேயே வச்சுக்குங்க!"

சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அழுது ஓய்ந்தபின் அவளே கேட்டாள்: "உங்க விருந்தாளி வீட்டுல யாரு சரின்னு சொன்னாங்க?"

"தெரியாது."

"பொண்ணா இருந்திருந்தா?"

"அழுதிருப்பா," என்றார். "அழுதுகிட்டேதான் சொல்லியிருப்பா." இத்தனை ஆண்டுப் பேச்சில் அப்படி ஒருத்தியை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வரச் சொல்லுங்க. அப்பா முகம் மட்டும் மாறிச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்."

கண் வங்கியிலிருந்து வந்தவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போனதும், குனிந்து பார்த்தாள். அதே முகம். "மீசை கலைஞ்சிருக்கு பாருங்க," என்றாள். அவர் சீப்பை எடுத்தார். சீப்பு மீசைக்கு மேலேயே நின்றது. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, சீவி முடித்தார்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் யாராவது இறந்து, குடும்பம் தயங்கினால் இருவருமாகப் போகிறார்கள். அவள் உள்ளே போய் அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நிற்கிறார். வெளியே வந்து யாராவது விவரம் கேட்டால், உள்ளே அவள் பக்கம் கையைக் காட்டுகிறார்.