நான் தூங்கினால் ஜெயிக்கும் டீம்

இரவு வேலைக்காரனுக்குப் பகலில் தூக்கம் வராது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சகபாவிகளே. எங்கள் நகரத்தின் எல்லர்ஸ்லி பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு நான் இரவுக் காவல். காலையில் கிளென் ஈடன் பகுதியிலுள்ள வீட்டுக்கு வந்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி வாழ்க்கையை நினைப்பேன். உடம்புக்கு ஆகாத பழக்கம். பேஸ்பால்தான் காப்பாற்றியது.

பரம்பரைக் காத்திருப்பு

காலையில் என்னிடம் சாவி வாங்கும் வரவேற்பாளர் டாட்டி, அறுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. அவர் ஊர் பேஸ்பால் டீமுக்கு நூறு வயதுக்கு மேல். அது கடைசியாகக் கோப்பை வாங்கியபோது அவருடைய தாத்தா கைக்குழந்தை. பிறகு தாத்தா காத்திருந்தார், போய்ச் சேர்ந்தார். அப்பாவும் அப்படியே.

ஆட்டம் அமெரிக்காவில் ராத்திரி என்றால், பூமியின் மறுகோடியில் இங்கே பட்டப்பகல். கவுண்டரில் வீடியோ பார்க்கக் கூடாது. மெசேஜில் ஸ்கோர் அனுப்ப டாட்டிக்கு ஓர் ஆள் தேவை. "நீ எப்படியும் தூங்கப் போவதில்லையே!" என்றார்.

மட்டையை எறிந்தவன்

தனியாகப் பார்க்கப் பிடிக்காமல், எங்கள் கட்டடத்தில் இரவில் கிளீனிங் செய்யும் யோகன் அண்ணையைக் கூட்டிவந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், கிரிக்கெட்டில் ஊறியவர். முதல் ஆட்டத்திலேயே எங்கள் ஆள் பந்தை அடித்தான், மட்டையைத் தூக்கி எறிந்தான், ஓடினான். அண்ணை சோபாவைவிட்டு எழுந்தே விட்டார்.

"தம்பி, மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறான், அம்பயர் ஒண்டும் கதைக்கேல்லை! இவனுக்கு வீட்டிலை தாய் தகப்பன் இல்லையோ?"

டாட்டியின் கண்டுபிடிப்பு

டீம் ஜெயித்த நாளெல்லாம் என்னிடமிருந்து கடைசி ஸ்கோர் வரவே இல்லை என்று டாட்டி கண்டுபிடித்தார். உண்மைதான். அன்றெல்லாம் நான் பாதியிலேயே சோபாவில் சாய்ந்திருந்தேன். முழுசாகப் பார்த்த ஆட்டம் அத்தனையும் தோல்வி.

தற்செயல் என்று வாதாடினேன். சோதித்துப் பார்க்க, அடுத்த ஆட்டத்தில் அண்ணை என்னை உலுக்கி எழுப்பினார். நான் கண்ணைத் திறந்ததும் எதிரணிக்காரன் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தான்.

"படு தம்பி, படு! உடனை படு!"

இறுதி ஆட்டம்

அந்த வருஷம் டீம் இறுதிவரை வந்துவிட்டது. டாட்டி மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிறார். அதற்குள் அந்தக் கோப்பை வந்தாக வேண்டும். கடைசி ஆட்டத்தன்று காலை சாவியை வாங்கியவர் என் கையை விடவில்லை. தூங்கச் சொல்லிக் கெஞ்சினார்.

கெஞ்சினால் தூக்கம் வருமா? மனைவி என் போனைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தாள். ஹாலில் அண்ணை டிவி சத்தத்தை அடக்கிவிட்டு, வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அவர் பெருமூச்சிலேயே தெரிந்தது, தோற்றுக்கொண்டிருக்கிறோம். எட்டியாவது பார்க்கலாமே என்று எழுந்தேன். மனைவி கதவை மறித்தாள். "அந்தம்மா முகத்தை நெனச்சுப் பாருங்க. படுங்க!"

படுத்தேன். எப்போது தூங்கினேனோ, விழித்தபோது சாயங்காலம். ஹாலில் அண்ணை தரையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். போனில் டாட்டி. அண்ணையின் மெசேஜைக் கண்டதும், லிஃப்டிலிருந்து இறங்கிய முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தாராம். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"தாத்தா சார்பிலும் அப்பா சார்பிலும் சொல்கிறேன், பிரமாதமாகத் தூங்கினாய்!"

ஒரு டீமின் நூறு வருஷச் சரித்திரத்தில், ஆடாமலும் பார்க்காமலும் குறட்டை விட்டே இடம்பிடித்த ஒரே ரசிகன் அநேகமாக நான்தான்.